மதுரையில் சின்னப் பிள்ளைக்கு விலங்குப் படப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிறது, மடியில் உட்காரவைத்து மிருகப் படம் போட்ட புத்தகம் ஒன்றைப் படித்துக்காட்ட ஆசை, ஆனால் ஸ்டேஷனரி கடைக்குப் போனால் 'ஏ ஃபார் ஆப்பிள்' ரகம்தான் கிடைக்கிறது, ஆன்லைனில் தேடினால் ஆயிரம் வந்து விழுகிறது, எதை நம்புவது என்றே தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் மகளுக்காக இதே தேடலில் நிறைய அலைந்தாயிற்று. அடுத்தவர் அந்த அலைச்சலைப் படவேண்டாம்.

கீழே நிறையச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் 1, 5, 6 மூன்றையும் மட்டுமாவது படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. கடைக்குக் கிளம்பும் முன் ஒரு பட்டியல் போடுங்கள்

உங்கள் பிள்ளை தினமும் பார்க்கும் உயிர்களை ஒரு தாளில் எழுதுங்கள். காக்கா, அணில், பல்லி, மைனா, தெருநாய், பூனை, எறும்பு, பசுமாடு, வெள்ளாடு. மழை பெய்தால் நத்தை, தவளை. அழகர்கோவில் போனால் குரங்கு. வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போனால் கொக்கும் நீர்க்காகமும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் யானை. பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை என்றால் காளையைப் பற்றி நமக்கே பாடம் எடுக்கும்.

முதல் நான்கைந்து புத்தகங்கள் இந்தப் பட்டியலிலிருந்து வரட்டும். பெங்குயின், ஒட்டகச்சிவிங்கி, டைனோசர் எல்லாம் அப்புறம். புத்தகத்தில் பார்த்த அணிலைச் சாயங்காலம் வேப்பமரத்தில் காட்ட முடிந்தால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தானாகவே மறுபடி எடுத்துவரும். ஒன்றரை வயதில் என் மகள் பல்லிப் படத்தின் மேல் விரலை வைத்துவிட்டு, அப்படியே தலையைத் தூக்கி டியூப்லைட் பக்கம் பார்ப்பாள். அங்கே பல்லி இல்லாத நாளிலும் பார்ப்பாள்.

2. வயதுக்கு எந்த ரகம்

இதில் ரொம்பக் குழம்ப வேண்டாம்.

ஒரு வயதுக்குள்: கெட்டி அட்டைப் பக்கம், முனை வளைவாக வெட்டியது, ஒரு பக்கத்துக்கு ஒரே மிருகம், பின்னணியில் ஒன்றும் இல்லாதது. பிறந்த முதல் சில மாதங்களில் கறுப்பு வெள்ளை போல அழுத்தமான வேறுபாடு உள்ள படங்கள்தான் குழந்தையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். துணிப் புத்தகமும் சரிதான், துவைக்கலாம்.

ஒன்று முதல் இரண்டரை வரை: அட்டைப் புத்தகமேதான். மிருகம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா நிற்கும் பசுவைவிடக் கன்றை நக்கும் பசு நல்லது. பேசுவதற்கு விஷயம் கிடைக்கும்.

இரண்டரை முதல் நாலு வரை: திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி உள்ள கதை. பக்கத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். இனி மெல்லிய தாள் வாங்கலாம், கிழியத்தான் செய்யும், பரவாயில்லை.

நாலுக்கு மேல்: சின்னக் கதை, கூடவே நிஜத் தகவல். நம் பக்கத்து உயிர்களைத் தேடிப் பாருங்கள். தேவாங்கு, எறும்புதின்னி, மலை அணில், வரையாடு. 'இது எங்கப்பா இருக்கு?' என்று கேட்டால் பதில் சொல்ல நமக்கு இடம் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, அங்கே தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூரில் அதே ஆண்டு தேவாங்குக்கென்றே சரணாலயம் வந்தது. சாம்பல் நிற மலை அணிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். எல்லாம் எட்டிவிடும் தூரம்தான்.

3. காசு போட்டு வாங்கும் முன் நூலக அட்டை எடுங்கள்

இது ஏன் மூன்றாவது படி என்றால், பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது. பத்துப் புத்தகம் காட்டினால் இரண்டைத்தான் கட்டிப்பிடிக்கும். அந்த இரண்டை மட்டும் விலைக்கு வாங்கினால் போதும்.

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து, பிள்ளை எதை இழுத்து எடுக்கிறது என்று பாருங்கள். ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம், வார நாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பக்கம் புரட்டப் பழகாத ஒரு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனால் அரைமணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு எடுத்துவர, சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஏரியாக் கிளை நூலகத்திலோ உறுப்பினர் ஆகுங்கள். முகவரிச் சான்று வேண்டும். ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை வீடு மாறி ஆதாரில் பழைய முகவரி இருந்தால் என்ன காட்டுவது என்று முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது தடவை போக வேண்டிவரும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு கையில் இருக்கட்டும். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சின்னத் தொகைதான், சில்லறையாகக் கொண்டுபோங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைக்கு அரைநாள் லீவு என்று வெள்ளிக்கிழமை கூட்டிப்போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை: கிளை நூலகங்களில் குழந்தைகள் அலமாரி பல நேரம் கண்ணில் படாத மூலையில், பள்ளி வினா வங்கிகளுக்கு அடியில் இருக்கும். நூலகரிடம் 'படம் நிறைய உள்ள சின்னப் பிள்ளைப் புத்தகம்' என்று கேளுங்கள். தாங்களாகவே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

4. எங்கே, எப்போது, எவ்வளவு

புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். மதுரையில் சமீப ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தமுக்கத்தில் நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் எல்லாப் பதிப்பகமும் இருக்கும், வழக்கமாகப் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். பிள்ளையைக் கூட்டிப்போவதாக இருந்தால் வார நாள் மதியம் போங்கள். ஞாயிறு சாயங்காலம் குனிந்து ஒரு புத்தகத்தைப் புரட்டக்கூட இடம் கிடைக்காது.

மற்ற மாதங்களில் மேல வெளி வீதி, ரயில்வே ஸ்டேஷன் சுற்றுவட்டாரத்துப் புத்தகக் கடைகளைப் பாருங்கள். முன்பு புதுமண்டபத்தில் புத்தகம் வாங்கிய பழக்கத்தில் அங்கே போய் நிற்காதீர்கள், அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கேயும் பாடப்புத்தகம், நோட்ஸ்தான் அதிகம்.

எந்தப் பெயர்களைக் கேட்பது? நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், பெங்களூரின் பிரதம் புக்ஸ், சென்னையின் தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன். முதல் மூன்றிலும் மெல்லிய அட்டைப் புத்தகங்கள் பலவும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். நல்ல தாளில் இருமொழியில் வருபவை அதைவிடக் கூடும். கைவேலைத் தாளில் அச்சிட்ட தாரா புக்ஸ் ரகம் ரொம்ப அழகு, விலையும் அதிகம். ஐந்து வயதுக்கு முன் அதைப் பிள்ளை கையில் தனியாகக் கொடுக்க மனசு வராது, பரிசாகக் கொடுக்கலாம்.

வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கெட்டி அட்டையில் நல்லதாக இரண்டு, மீதிக்கு மெல்லிய அட்டையில் ஆறேழு, நடுவில் நூலகம். நாலு வயது வரைக்கும் இது தாராளம். ஒரே நாளில் ஆயிரத்தையும் கொட்டிவிடாதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு என்று வந்தால்தான் பிள்ளை ஒவ்வொன்றையும் கவனிக்கும்.

பில்லைப் பாருங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தைகள் படப் புத்தகத்துக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. பின்னட்டை விலைக்கு மேல் வரி என்று சேர்த்திருந்தால் கேளுங்கள். புத்தகத்தோடு பொம்மை சேர்ந்து வரும் பெட்டி என்றால் கணக்கு வேறு.

5. கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் உள்பக்கத்தைத் திறந்து எழுதியவர் பெயர், படம் வரைந்தவர் பெயர், பதிப்பகத்தின் முகவரி, பதிப்பு ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். படம் வரைந்தவர் பெயர் இல்லாத படப் புத்தகத்தை நான் திரும்ப வைத்துவிடுவேன். பெரும்பாலும் அவை எங்கெங்கோ எடுத்த படங்களை ஒட்டிப்போட்டவை, ஒரு பக்கத்தில் போட்டோ, அடுத்த பக்கத்தில் கார்ட்டூன், அதற்கடுத்ததில் வேறு ஒரு கை. பிள்ளைக்கு ஒரு உலகம் கிடைக்காது.

அடுத்து, மிருகம் சரியாக வரையப்பட்டிருக்கிறதா? பிள்ளைக்கு முதல் அறிமுகமே இந்தப் படம்தான், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் இவை.

யானை: பல புத்தகங்களில் இருப்பது ஆப்பிரிக்க யானை. தோளை மூடும் அளவுக்குப் பெரிய காது, முதுகின் நடுவில் பள்ளம், தும்பிக்கை நுனியில் இரண்டு விரல் போன்ற சதை. நம் யானைக்குக் காது சின்னது, முதுகு மேடாக வளைந்திருக்கும், தும்பிக்கை நுனியில் ஒரு விரல்தான். நம் பெண் யானைக்குப் பெரிய தந்தம் இருக்காது. கோயில் யானையைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் படம் பொருந்தவே பொருந்தாது.

மயில்: 'அம்மா மயில்' என்று போட்டுத் தோகை விரித்திருப்பார்கள். தோகை ஆணுக்குத்தான். புள்ளிமானுக்கும் அதே கதை, கொம்பு ஆணுக்கு மட்டும், ஆனால் குட்டியோடு நிற்கும் தாய்க்குக் கிளைகிளையாகக் கொம்பு வரைந்திருப்பார்கள்.

சிலந்திக்கு எட்டுக் கால், எறும்புக்கும் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆறு. எண்ணிப் பாருங்கள், எண்ணும் புத்தகத்திலேயே தப்பு இருக்கும். பெங்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிக்கட்டியில் நின்றால் அந்தப் படம் வரைந்தவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம், ஒன்று தெற்கே இருப்பது, மற்றது வடகோடியில். வரிக்குதிரையோடு புலி நிற்பதும் அப்படித்தான், ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது. கிண்ணத்தில் பால் குடிக்கும் பாம்பு, கண்ணிமை கொட்டும் பாம்பு இரண்டும் வேண்டாம். வௌவாலைப் பறவைப் பக்கத்தில் போட்டிருந்தால் கீழே வையுங்கள்.

நல்ல புத்தகம் எப்படித் தெரியும் என்றால், சின்ன விஷயம் சரியாக இருக்கும். காக்கையை முழுக் கறுப்பாக அடித்துவிடாமல் கழுத்தில் சாம்பல் நிறம் கொடுத்திருப்பார்கள், நம் வீட்டுக் காக்கை அப்படித்தானே இருக்கிறது. பெண் குயிலைப் பழுப்பில் புள்ளிகளோடு வரைந்திருப்பார்கள். அந்த மாதிரிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பத்தா, 'இது கூவாது, கூவுறது அந்தக் கறுப்பு' என்று பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூக்கூ என்று பாடுவது ஆண் குயில்தான். படம் சரியாக இருந்ததால் வீட்டுப் பெரியவர்களின் அறிவு உள்ளே வந்தது.

சட்டை போட்ட கரடி, பள்ளிக்கூடம் போகும் முயல் வேண்டாமா என்று கேட்பீர்கள். கதைக்கு வேண்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிள்ளை இதுவரை பார்த்திராத மிருகத்தை அறிமுகப்படுத்தும்போது அந்த ரகம் வேண்டாம். டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்களைப் படித்துக்காட்டினார்கள். மிருகம் மனிதர் போலப் பேசி நினைக்கும் புத்தகத்தைக் கேட்ட பிள்ளைகள் நிஜத் தகவலைக் குறைவாகவே பிடித்துக்கொண்டார்கள். அதனால் எறும்புதின்னியை முதலில் எறும்புதின்னியாகவே காட்டுங்கள். அப்புறம் அது குடை பிடித்து நடந்தாலும் சரி.

நரி என்றால் தந்திரம், பாம்பு என்றால் கெட்டது, கழுதை என்றால் முட்டாள் என்று முடிக்கும் கதைகளையும் மூன்று வயதுக்கு முன் நான் தவிர்ப்பேன். ஓர் உயிரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அதற்குப் பட்டம் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் அதைப் பார்ப்பார்கள்? பல்லி பூச்சியைத் தின்பதையும் பூனை எலியைப் பிடிப்பதையும் நேராகக் காட்டும் புத்தகங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பிள்ளைகள் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

6. அங்கேயே நின்று சத்தம்போட்டு வாசியுங்கள்

வெட்கப்படாதீர்கள். சின்னப் புத்தகம், மூன்று நிமிடம்தான் ஆகும். இரண்டாவது பக்கத்திலேயே நாக்கு இடறினால் வீட்டிலும் இடறும். இருமொழிப் புத்தகம் என்றால் தமிழை மட்டும் படித்துப் பாருங்கள். பல புத்தகங்களில் ஆங்கிலம் பாட்டாக ஓடும், கீழே தமிழ் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். நாய் 'வூஃப்' என்று குரைத்தால், சேவல் 'கொக்கரக்கோ' என்று கூவாவிட்டால், அந்தப் பக்கத்தை நீங்களே மாற்றித்தான் படிக்க வேண்டிவரும். ஒன்றிரண்டு இடம் என்றால் பென்சிலால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். முழுக்க அப்படி என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். இந்தப் புத்தகத்தை ஒரு மாதம் தினமும் ராத்திரி படிக்க உங்களால் முடியுமா? பிள்ளைக்குப் பிடித்துவிட்டால் அதுதான் நடக்கும். மூலையில் ஒரு நத்தை, இலைக்கு அடியில் ஒரு முட்டை என்று தேடிக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கும் படங்கள் உங்களையும் சேர்த்துக் காப்பாற்றும்.

7. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால்

அளவைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். 'பத்துப் புத்தகம் சேர்ந்த செட்' என்று வருவது பலவும் உள்ளங்கை அளவுதான், போட்டோவில் பெரிதாகத் தெரியும். சென்டிமீட்டர், பக்க எண்ணிக்கை, மொழி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கப் படம் ஒன்றாவது காட்டாத புத்தகம் வேண்டாம். ஒரே புத்தகம் வாங்கினால் தபால் செலவு புத்தக விலையைத் தொட்டுவிடும், எதிர்வீட்டுக்காரர், அக்கா, தங்கை என்று நாலு பேர் சேர்ந்து பதிப்பகத்தின் தளத்திலேயே ஆர்டர் போடுங்கள்.

பட்டனை அமுக்கினால் மாடு கத்தும் புத்தகங்களில் ரொம்பக் கவனம். உள்ளே நாணயம் போன்ற சின்ன பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும் அளவுக்கு ஆபத்து. பேட்டரி மூடி ஸ்க்ரூவால் இறுகியிருக்க வேண்டும், விரல் நகத்தால் திறக்க முடிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாடு கத்துவதை நாமே கத்திக் காட்டலாம், அதுதான் பிள்ளைக்கும் பிடிக்கும்.

8. காசில்லாமல் படிக்க

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இலவசமாக உள்ளன. மொழியைத் தமிழ் என்றும் நிலையை 1 என்றும் வைத்துத் தேடுங்கள், சின்னப் பிள்ளைக்கு அதுதான் சரி. நிலை 2 கொஞ்சம் நீளம், 3, 4 பெரிய பிள்ளைகளுக்கு. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆனால் கணக்குப் போடுங்கள். கலர் பிரிண்ட் பக்கம் பத்து ரூபாய் என்றாலும் 16 பக்கத்துக்கு 160 ஆகிறது, அதற்குக் கடையில் அச்சிட்ட புத்தகம் இரண்டு கிடைக்கும். ஏ4 தாளில் இரண்டிரண்டு பக்கமாக எடுத்தால் பாதியாகும்.

இரண்டு வயதுக்குள் போனில் காட்டிப் படிக்க வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்பதுதான் 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. போனில் நீங்கள் முதலில் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைக்குத் தாளில் கொடுங்கள்.

9. வாங்கிய பிறகு

புத்தகத்தைப் பீரோவில் வைக்காதீர்கள். பிள்ளையின் இடுப்பு உயரத்தில், முன்னட்டை தெரியும்படி நாலைந்து மட்டும் வையுங்கள், மற்றதை எடுத்து மறைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும் என்றில்லை. பிள்ளை ஒரே பக்கத்தில் நின்று எறும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

கிழிந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். வெள்ளைத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, மைதாப் பசையோ ஃபெவிகாலோ மெலிதாகத் தடவி, கிழிசலின் பின்பக்கமாக ஒட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். மைதாப் பசை என்றால் துளி மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தை இங்கே செய்யாதீர்கள், அது விஷம், பிள்ளை புத்தகத்தை வாயில் வைக்கும்.